நாலு பூட்டுப் பெட்டி

அந்தப் பெட்டிக்கு நாலு பூட்டு. லிங்கராஜபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவின் முனையில், டிரான்ஸ்ஃபார்மருக்கும் பூக்காரம்மாவின் தள்ளுவண்டிக்கும் நடுவே, நெஞ்சு உயரத்தில் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதன்மேல் டிபன் டப்பாவை வைத்துக்கொள்வார்கள். அதை வடிவமைத்தவள் நான். என் பெட்டி என்ன செய்கிறது என்று எனக்கே விளங்காமல் பேந்தப் பேந்த விழித்த ஒரு விஜயதசமிக் காலையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

பெங்களூரில் எந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தாலும் கறுப்பு ஒயர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். ஒவ்வொரு இன்டர்நெட் கம்பெனியும் தன் ஒயரைத் தானே இழுத்து மரத்திலும் கம்பத்திலும் கட்டிவிட்டுப் போயிருக்கும். மழையில் ஒரு கிளை முறிந்தால் பாதித் தெருவுக்கு இன்டர்நெட் போய்விடும். இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று நகர நிர்வாகம் சில தெருக்களில் சோதனை செய்து பார்த்தது. தெருவை ஒரே தடவை தோண்டுவது. பூமிக்கடியில் வீட்டுக்கு ஒரு கண்ணாடி இழை போடுவது. எல்லா இழைகளையும் தெருமுனைப் பெட்டிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. பெட்டிக்குள் மூன்று கம்பெனிகளின் இணைப்பு ஒயர்களும் காத்திருக்கும். உங்களுக்கு எந்தக் கம்பெனி வேண்டுமோ அதன் ஒயரை உங்கள் வீட்டுத் துளையில் செருகிவிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டு அடுத்ததைச் செருகுவார்கள். கூட்டங்களில் நான் இதை, "ரோடு ஒண்ணு, பஸ் மூணு" என்று சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பூட்டு விஷயத்தில்தான் தலையாட்டல் நின்றது. சாவி யாரிடம் இருப்பது? நீலச் சட்டையிடம் என்றால் பச்சைச் சட்டை ஒப்புக்கொள்ளாது. பச்சை என்றால் சாம்பல் முறைக்கும். அந்தக் கம்பெனிகளின் ஆட்கள் போட்டிருந்த சட்டைகளின் நிறம் அது. தெருவிலும் அவர்களை அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எனக்குக் கோலார் தங்கவயல் ஞாபகம் வந்தது. நாங்கள் வளர்ந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதற்கு ஒரு கம்பிக் கதவும் உண்டு. கதவில் ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒன்றோடொன்று கோத்த பூட்டுகள். எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விட்டுவிடும். அதையே இங்கும் செய்தோம். கம்பெனிக்கு ஒரு பூட்டு, நிர்வாகத்தின் சார்பில் என்னிடம் ஒன்று. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், ஆனால் அவரவர் ஒயரை மட்டும்தான் தொட வேண்டும். இந்த விதியை எழுதியவளும் நானே.

விதி எழுதிய மறுவாரமே புகார்கள் வர ஆரம்பித்தன. பச்சைச் சட்டை வந்து எங்கள் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டது என்று நீலம் சொல்லும். சாம்பல்தான் பிடுங்கியது என்று பச்சை சொல்லும். மூன்று பேரும் தனித்தனியாக எனக்கு போன் செய்து ஒரே கதையை மூன்று விதமாகச் சொல்வார்கள். யாரை நம்புவது என்று தெரியாமல் மூன்று பேரையும் நம்பினேன். அது மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை.

அதே தெருவில் என் அக்கா வீடு. அக்கா தமிழ் டீச்சர். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்துப் படிக்கப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, ஒரு வருஷம் யாருமே சேரவில்லை. அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பல மாதம் வீட்டிலேயே இருந்தாள். காலையில் பழைய வழக்கப்படி புடவையைக் கட்டி முடித்துவிட்டு, அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். எரிச்சலாகவும் இருக்கும், பொய் சொல்வானேன்.

அப்போதுதான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். அக்காவோடு பேசினார்கள், பிடித்துவிட்டது. முதல் வகுப்பை விஜயதசமியன்று வைத்துக்கொள்வது, அது சரியாக நடந்தால் வருஷம் முழுக்க அக்காவுக்கு வகுப்பு, இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் வேறொரு டீச்சர் தயாராக இருக்கிறார். இப்படி அவர்களில் ஒரு அம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பிள்ளைகள் தட்டில் அரிசி பரப்பி விரலால் முதல் எழுத்து எழுதுவார்களாம்.

"நாம ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற ஜனம். அரிசியில எழுதவைக்க நான் சரியான ஆளான்னு கேட்டேன்," என்றாள் அக்கா. "'அ' சரியா வந்தா போதும் டீச்சர்னு சொல்லிட்டாங்கடி."

அவள் குரல் குஷியாக இருந்ததைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. நான்தான் அவளுடைய பழைய ஒயரை வெட்டச் சொல்லிப் புதுப் பெட்டியில் சேர்த்துவிட்டிருந்தேன். ஒரு கம்பெனி படுத்தால் இன்னொன்று, அதுவும் படுத்தால் மூன்றாவது. உன் வகுப்பு நிற்கவே நிற்காது என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

ஆயுத பூஜையன்று அந்தப் பக்கம் போனபோது பெட்டியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, உச்சியில் செவ்வந்தி மாலை, கதவில் சந்தனம், குங்குமம். முன்னால் பூசணிக்காய் உடைத்து ரோடே சிவந்திருந்தது. என்னிடம் எப்போதும் புகார் மட்டுமே சொல்லும் நீலச் சட்டைக்காரர், அன்று பளபளவென்று வேட்டியில் வந்து, "பூஜெ மாடிதீவி மேடம், தகொள்ளி" என்று, பூஜை செய்திருக்கிறோம் எடுத்துக்கொள்ளுங்கள் எனக் கன்னடத்தில் சொல்லி, என் இரண்டு கையிலும் பொரியையும் கடலையையும் நிரப்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் தொங்கிய கறுப்பு ஒயருக்கு யாராவது இதுவரை மாலை போட்டதுண்டா? ஆட்டோவுக்கும் லேத்துக்கும் கிடைக்கிற மரியாதை என் பெட்டிக்கும் கிடைத்துவிட்டது என்று நினைத்தபடி, ஆடுகோடியில் இருக்கும் என் வீடு வரும்வரை பஸ்ஸில் பொரியைக் கொறித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை வகுப்பைப் பார்க்கவென்றே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முன்னறை மேஜையில் லேப்டாப், பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை, சாக்பீஸ். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பிள்ளைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் அரிசித் தட்டு. அக்கா பேச ஆரம்பித்ததும் பள்ளிக்கூடத்து அக்கா திரும்பி வந்துவிட்டாள். முதுகு நிமிர்ந்துவிட்டது. "இப்போ டீச்சர் எழுதறதைப் பாருங்க. முதல்ல ஒரு சின்னச் சுழி. அப்படியே வளைஞ்சு வரணும்..."

சுழியைப் போட்டு வளைத்தாள். நேர்க்கோட்டுக்குக் கையைத் தூக்கினாள். திரையில் பிள்ளைகள் அப்படியே உறைந்துபோனார்கள். ஒரு குழந்தையின் வாய் திறந்தபடி நின்றது. அப்புறம் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"என்னடி ஆச்சு?" என்றாள் அக்கா, கையை இறக்காமல்.

"ஒண்ணுமில்ல, இரு" என்றேன். ஒன்றுமில்லை என்றுதான் உண்மையாகவே நினைத்தேன். அவளிடம் இருந்தது நீலம். ஆப்பைத் திறந்து பச்சைக்கு மாற்றக் கேட்டேன். மாற்றுவதற்குப் பச்சை ஆள் வர வேண்டியதில்லை. அக்கா வீடு மாதிரி சில வீடுகளுக்கு மட்டும் மூன்று இழை போட்டு, மூன்று கம்பெனி ஒயரையும் முன்கூட்டியே செருகித் தயாராக வைத்திருந்தோம். மாறியது. வட்டம் சுற்றியது. சாம்பலுக்கு மாற்றினேன். அதே வட்டம். எனக்குத் தலை சுற்றியது. போட்டிக் கம்பெனிகள் மூன்றும் ஒரே நேரத்தில் எப்படிப் படுக்கும்? போன் சிக்னலைப் பிடித்து ஓட்டலாம் என்று பார்த்தால் அதுவும் திணறியது. தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்பதும், எல்லோரும் ஒரே சமயத்தில் போனுக்குத் தாவியிருக்கிறார்கள் என்பதும் வாசலில் எட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

பச்சைச் சட்டைக்காரருக்கு போன் செய்தேன். தமிழ்நாட்டு எல்லையில் அத்திபெலே பக்கத்து ஆள். "நீலம்தான் மேடம். நேத்து காலைல அவன்தான் மொதல்ல தொறந்தான். நான் அப்பவே நெனச்சேன்" என்றார். நீலச் சட்டைக்காரரைக் கேட்டால், தனக்கு அப்புறம் பச்சை வந்து ரொம்ப நேரம் உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தான் என்று கன்னடத்தில் சொல்லி, அம்மா மேல் சத்தியம் செய்தார். சாம்பல் போனை எடுக்கவேயில்லை. பிடுங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், யார் ஒயரை யார் பிடுங்கியது? தன் ஒயரையும் சேர்த்தா பிடுங்குவான் ஒருத்தன்? கோபப்பட ஒரு முகமாவது கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதுகூடக் கிடைக்கவில்லை.

அக்காவின் போனில் ஆஸ்திரேலியாவிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜாக வந்து விழுந்தது. "குழந்தைங்க காத்திருக்காங்க டீச்சர்." கொஞ்ச நேரம் கழித்து, "சிலர் சாப்பிடப் போயிட்டாங்க." அக்கா பலகையை மடியில் வைத்துக்கொண்டு, பாதி எழுத்து அழிந்துவிடாதபடி சாக்பீஸ் பிடித்த கையைத் தள்ளி வைத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. சாவியையும் பையையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன்.

மாலையை ஒதுக்கி, என் பூட்டைத் திறந்து, கதவைத் திறந்தேன். உள்ளே பார்த்தால் ஒரு சின்னக் கோயில் மாதிரி இருந்தது. துளைகளின் மேல் வரிசைக்கு ஒரு சந்தனக் கோடு. ஒவ்வொரு ஒயரின் தலையிலும் பொட்டு. ஒன்றல்ல, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று. நீல ஒயர், பச்சை ஒயர், சாம்பல் ஒயர் என்ற பாகுபாடே இல்லை. எல்லாம் எங்கெங்கே இருக்க வேண்டுமோ அங்கங்கே சரியாகச் செருகியிருந்தது. எதையும் யாரும் பிடுங்கவில்லை. அதைப் பார்த்ததும் என் குழப்பம் தீரவில்லை, இரட்டிப்பானது.

அக்கா வீட்டு ஒயரைக் கழற்றிச் சின்ன பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் போவது அதன் முனையில் இருக்கும் ஒரு புள்ளி வழியாகத்தான், தலைமயிர் அகலம்கூட இருக்காது. அதன்மேல் சிவப்பாக, பாறை பாறையாகக் குங்குமம். சந்தனம் வேறு காய்ந்து அப்பியிருந்தது. அடுத்ததைக் கழற்றினேன், அதிலும். மூன்றாவதிலும். அப்போதுதான் மெல்ல உறைத்தது. ஆயுத பூஜை என்றால் முதல் வேலை துடைப்பதல்லவா? மெஷினைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாகத் துடைத்து, பொட்டு வைத்து, பழையபடி பூட்டுவார்கள். என் பெட்டிக்கும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஒயராகக் கழற்றி, பூஜைத் துணியால் பக்தியோடு துடைத்திருக்கிறார்கள். அதுவும் மூன்று கம்பெனியும் தனித்தனியாக. அந்தக் குங்குமம் ஈரமாக இருந்தவரை நேற்று வெளிச்சத்தை எப்படியோ விட்டிருக்கிறது, ராத்திரியில் காயத் தொடங்கி இன்று காலை வெயிலில் இறுகி மறித்துவிட்டது.

பையிலிருந்து துடைக்கும் பேனாவை எடுத்தேன். முனையில் வைத்து அழுத்தினால் உள்ளே ஒரு நூல் சுற்றி அழுக்கை எடுத்துவிடும். விரலில் ஒட்டிய குங்குமத்தைத் துப்பட்டாவில் தேய்த்துக்கொண்டு முதல் ஒயரின் முனையைத் துடைக்கப் போனேன்.

"இன்னாம்மா பண்றே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பூக்காரம்மா. "இன்னிக்கு விஜயதசமி. நேத்து வெச்ச பொட்ட இன்னிக்கே அழிக்கிறியே?"

சொல்லிவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். வெறும் நெற்றி. எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.  பொட்டு அழிப்பது என்றால் என்ன என்று தமிழ் பேசும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நல்ல நாளும் அதுவுமாக, நடுத்தெருவில், நான், மூன்று பேர் வைத்த பொட்டை. பயந்துவிட்டேன். வெளிச்சம், தூசி, புள்ளி என்று ஏதேதோ உளறினேன். அந்த அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அந்த நேரத்தில் சாம்பல் சட்டைக்காரரின் பைக் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கூப்பிட்டால் மட்டும் எடுக்காத மனுஷர் இவர். இன்று வெள்ளிக்கிழமையும் அல்ல. பைக் ஓட்டிக்கொண்டிருந்தாராம்.

"நீங்களும் வெச்சீங்களா?" என்று ஒயர்த் தலையைக் காட்டினேன்.

"அரே, வெச்சேன் மேடம். அவுங்க ரெண்டு பேரும் வெச்சிட்டுப் போய்ட்டாங்க. நான் வெக்காம விட்டா நம்ம லைனுக்கு மட்டும் எதுனா ஆயிடுச்சுன்னா? ஆபீஸ்ல என்ன சும்மா வுடுவாங்களா?"

"உங்க ஒயருக்கு மட்டும் வெச்சிருக்கலாமே?"

"அதெப்படி மேடம், ஒரே பொட்டியில நமக்கு மட்டும் வெச்சிக்கினு அவுங்களுத வுட்றது? நல்லாவா இருக்கும்?"

முனையைக் கண்ணாடியில் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. "தொட்டுட்டமா... ஜாக்கிரதையா தலையில மட்டும்தான் வெச்சோம். துணிதான் பட்டுடுச்சு போல" என்றார். பிறகு பூக்காரம்மாவின் பக்கம் திரும்பி, பொட்டை யாரும் அழிக்கப்போவதில்லை, வெளிச்சம் வரும் வாயை மட்டும் துடைக்கிறோம், பொட்டு அப்படியே இருக்கும் என்று சொன்னார். "மொதல்லயே அப்டி சொல்றதுக்கென்ன?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.  அதைத்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்காவுக்குக் கிளாஸ் நடக்குது. சீக்கிரம் நீலத்த எல்லாம் கழட்டிக் குடுங்க, நான் துடைக்கிறேன்" என்றேன்.

சாம்பல் சட்டைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் நீலத்தத் தொடக் கூடாது மேடம். ரூல் இருக்குது."

"நேத்து தொட்டீங்களே?"

"நேத்து பூஜை. இன்னிக்கு டூட்டி."

 அவர் கிண்டல் செய்யவில்லை. பின்னால் நடந்த கூட்டத்தில், இது யார் தப்பு என்று மூன்று கம்பெனிக்காரர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தபோதும் இந்த வார்த்தைதான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. பொதுவாக ஒன்றைக் கட்டி, அதில் அவரவர் தத்தம் பங்கை மட்டும் தொட வேண்டும் என்று சொன்னவள் நான். அவர்கள் அதைப் பொதுவாகத் தொட்ட ஒரே நாளில் அது கெட்டுப்போனது. அப்படியானால் என் விதி சரிதானா? அல்லது அந்த ஒருநாள் சரியாக இருந்ததா? இரண்டில் எது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் "தூசி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அந்தக் காலையில் யோசிக்க நேரமில்லை. விதியை எழுதிய கையாலேயே நீலத்தைக் கழற்றித் துடைத்தேன். சாம்பல் சட்டைக்காரர் தன் வரிசையைத் துடைத்தபடி, எனக்கு எந்தத் துளை அக்கா வீடு என்று கண்ணாலேயே காட்டினார். பூக்காரம்மா, மாலை என் தலையில் விழாமல் பிடித்துக்கொண்டார். ஆப்பில் மறுபடி நீலத்துக்கே மாற்றி, இணைப்பு வந்துவிட்டதாக அது காட்டியதும் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தாள். திரையில் கட்டங்கள் எல்லாம் கறுப்பாகிக் கிடந்தன. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வெளிச்சம் இருந்தது. கோயம்புத்தூர் டீச்சரைப் பற்றிச் சொன்ன அந்த அம்மாவும், பக்கத்தில் ஐந்து வயது இருக்கும் ஒரு பெண் குழந்தையும்.

"மத்தவங்கல்லாம் போயிட்டாங்க டீச்சர்," என்றார் அந்த அம்மா. "நானும் இனிமே வேண்டாம்னுதான் மூடப் போனேன். இவ விடல. நீங்க கையத் தூக்கினபடியே ஸ்க்ரீன்ல நின்னுட்டீங்க இல்ல? டீச்சர் இன்னும் எழுதிட்டுதான் இருக்காங்க, இப்ப வந்துடுவாங்கன்னு சொல்லி எழுந்திருக்கவே மாட்டேன்னுட்டா."

குழந்தை தட்டை இரண்டு கையாலும் தூக்கி, சாய்ந்துவிடாமல் மெதுவாகக் கேமரா முன்னால் காட்டியது. அரிசியில் ஒரு சுழி, ஒரு வளைவு. அக்கா நிறுத்திய இடத்தில் அதுவும் நின்றிருந்தது. அதற்கு மேல் ஒரு கோடுகூட அது தானாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

"மீதி எங்க டீச்சர்?" என்றது.

அக்காவுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் கை காலியாக இல்லை. அவள் பக்கத்தில் போகலாம் என்று ஒரு அடி வைத்த நான், என் விரலெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டேன். அவள் மடியிலிருந்த பலகையை நிமிர்த்தி, பாதி எழுத்தின்மேல் சாக்பீஸை வைத்து, விட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டை இழுத்தாள்.